உயிரெழுத்துப் பலகை: ஸ்க்ரோல் சோவில் என் முதல் வேலை

அக்காவின் மகளுக்கு விஜயதசமிக்கு ஏடு தொடக்குவது என்று வீட்டில் கதை முடிவான அன்று, நான் சும்மா இருக்காமல் "பிள்ளைக்கு நான் ஒரு உயிரெழுத்துப் பலகை செய்து தாறன்" என்று சொல்லிவிட்டேன். ஸ்க்ரோல் சோ வாங்கி அப்போது நாலு நாள்தான். விறாந்தையில் கிடந்த பழைய தையல் மெசின் மேசையில் அதைப் பூட்டி, ஓடவிட்டுச் சத்தம் கேட்டிருந்தேனே தவிர, ஒரு குச்சியைக்கூட வெட்டியிருக்கவில்லை. கையில் ஏழு கிழமை இருந்தது. பலகை முடிந்தது விஜயதசமிக்கு முதல்நாள் இரவு பதினொன்றரைக்கு. இடையில் நடந்ததை எழுதக் காரணம், பிழை என்று நான் நினைத்த இடம் ஒன்று, பிழை இருந்த இடம் வேறொன்று. நாலைந்து கிழமையாக என் கையையே திட்டிக்கொண்டிருந்தேன். கையில் பெரிய பிழை இருக்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: வில் மாதிரிச் சட்டத்தில் மெல்லிய வாளைப் பூட்டி பிளைவூட்டில் கிளி, மயில் எல்லாம் வெட்டுவார்களே, அந்த வாளை மோட்டரில் பூட்டினால் அதுதான் ஸ்க்ரோல் சோ. பிளேட் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும், பலகையைத்தான் நாம் திருப்ப வேண்டும். பிளேட்டின் நீளம் 5 அங்குலம். என்னுடையது 16 அங்குல வகை, அதாவது பிளேட்டில் இருந்து பின்னால் உள்ள தூண் வரை ஏறக்குறைய 400 மில்லிமீற்றர் இடைவெளி. இந்த 400ஐ நினைவில் வைத்திருங்கள், பிறகு திரும்ப வரும். பிளேட் ஓடும் வேகத்தை நிமிடத்துக்கு 550 தடவையில் இருந்து 1600 தடவை வரை கூட்டிக் குறைக்கலாம்.

திட்டம் இப்படி: 9 மில்லிமீற்றர் பலகையில் பன்னிரண்டு உயிரெழுத்தையும் ஆய்தத்தையும் வெட்டி எடுப்பது, ஓட்டையாகிப்போன அந்தப் பலகையை 4 மில்லிமீற்றர் பிளைவூட்டின் மேல் ஒட்டுவது, எழுத்துகளைத் திரும்ப அந்தக் குழிகளுக்குள் வைப்பது. பிள்ளை எடுத்து எடுத்து வைத்து விளையாடலாம். கேட்க இலகு. ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரு பூவை வெட்டும்போது பூவைச் சுற்றியுள்ள பலகை கழிவு. மூலையில் திரும்ப முடியாவிட்டால் கழிவுக்குள் போய் ஒரு வட்டம் சுற்றி வரலாம், ஒருவருக்கும் தெரியாது. இங்கே உள்ளே இருப்பதும் வேண்டும், வெளியே இருப்பதும் வேண்டும், வாள் போன தடம் ஒன்றுதான் இரண்டுக்கும் எல்லை. முதல் வேலையாக இதை எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை என்பது எனக்கு மூன்றாம் கிழமைதான் விளங்கியது. அதற்குள் பிள்ளைக்குச் சொல்லியாகிவிட்டது.

முதிரையில் தொடங்கிய பிழை

அம்மப்பாவின் பழைய வீட்டை இடித்தபோது மிஞ்சிய முதிரைக் கதவுப் பலகை ஒன்று எங்கள் கொட்டிலுக்குள் கிடந்தது. அதிலேயே செய்தால் பிள்ளையின் பூட்டன் வீட்டு மரம் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று ஒரு ஆசை. ஒழுங்கையில் இருக்கும் ஓடாவியாரிடம் கொண்டுபோனேன். அவருக்கும் சந்தோசம். "முதிரையில செய்தீரெண்டால் தம்பி, உம்மட பேரப்பிள்ளையும் வச்சு விளையாடும். பிளைவூட்டெல்லாம் ஒரு மரமே?" என்று சொல்லி, 9 மில்லிமீற்றருக்குச் சீவியும் தந்தார்.

முதிரை நிலைக்கும் கதவுக்கும் சரி. பழகாத கைக்கும் மெல்லிய பிளேட்டுக்கும் சரியே இல்லை. வேகத்தை உச்சத்தில் வைத்துத் தள்ளினேன், புகை வந்தது. வெட்டிய விளிம்பு கருவாடு மாதிரிக் கறுத்துப் போனது. இரண்டு மணித்தியாலத்தில் நாலு பிளேட் ஒடிந்தது. எல்லாவற்றையும் தாண்டி 'ஆ' ஒன்று முழுதாக வந்தது. எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழ்ச்சுழி கையோடு முறிந்தது. மரத்தின் நார் ஒரே பக்கமாக ஓடும். எழுத்தின் ஒடுங்கிய பகுதி அந்த நாருக்குக் குறுக்காக அமைந்துவிட்டால், அந்த இடத்தில் பிடித்துவைக்க நீள நார் ஒன்றும் இருக்காது, பிஸ்கற் மாதிரி உடையும். மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு அது ஒரு நாள் தாங்காது.

அன்றிரவு முழங்கைக்குக் கீழே தடித்துச் சிவந்து ஒரே கடி. அடுத்த நாள் ஓடாவியாரிடம் காட்டினால், "ஓமோம், முதிரைத் தூள் சில ஆக்களுக்கு ஒத்துக்கொள்ளாது" என்கிறார், ஏதோ காலநிலை சொல்வது போல. அதை மரம் சீவமுதலே சொல்லியிருக்கலாம் ஐயா. அதன்பிறகு கொரோனாக் காலத்தில் மிஞ்சிய மாஸ்க்கும் முழுக்கைச் சேட்டும் இல்லாமல் நான் மெசினுக்குக் கிட்டப் போவதில்லை.

ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு மரக்காலைக்குப் போய் 9 மில்லிமீற்றர் பிளைவூட் எடுத்தேன். பிளைவூட்டில் ஒவ்வொரு படையின் நாரும் அடுத்ததற்குக் குறுக்காகப் போவதால் ஒடுங்கிய சுழியும் முறியாது. குறை என்னவென்றால் இடையில் உள்ள பசை பிளேட்டின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். எடுக்கும்போது விளிம்பைப் பாருங்கள், படைகளுக்கு இடையில் பொந்து இருந்தால் வேண்டாம். சுழி வெட்டும்போது சரியாக அந்தப் பொந்திலேதான் போய் நிற்பீர்கள்.

பிளேட் தேடிய கதை

மெசினோடு வந்த பிளேட்டுகள் இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஆணி வைத்தவை. கொழுவுவது சுகம், அரை நிமிட வேலை. ஆனால் எழுத்தைப் பலகையின் நடுவில் இருந்து வெட்டி எடுப்பதென்றால் முதலில் ஒரு துளை போட்டு, அதற்குள்ளால் பிளேட்டை நுழைத்துத்தான் பூட்ட வேண்டும். அந்த ஆணி நுழைய 5 மில்லிமீற்றர் துளை போட்டேன். எழுத்தின் ஓரத்தில் 5 மில்லிமீற்றர் துளை என்றால் எலி கடித்தது போல இருக்கும். ஆணி இல்லாத, வெறும் முனை பிளேட் வேண்டும். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஐந்து ஹார்ட்வெயார் ஏறி இறங்கினேன். நாலு கடையில் ஜிக்சோ பிளேட்டை எடுத்துக் காட்டினார்கள், ஐந்தாவது கடையில் "அது என்ன தம்பி?" என்று என்னையே கேட்டார்கள்.

அப்போதுதான் கஸ்தூரியார் வீதி நினைவு வந்தது. நகை செய்யும் பத்தர்மார் தகட்டை அறுக்கப் பாவிப்பதும் இதே மாதிரி வெறும் முனை வாள்தானே! அவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் ஒரு கட்டு வாங்கினேன். நீளம் 130 மில்லிமீற்றர், என் மெசினில் கச்சிதமாகப் பூட்டுப்பட்டது. துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் அது உலோகத்துக்கான பல், மிக நெருக்கம். மரத்தூள் வெளியேற இடமில்லாமல் பல்லுக்குள் அடைத்து, பத்துச் சென்ரிமீற்றர் போவதற்குள் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டது. திரும்பவும் கருகல் மணம்.

கடைசியில் கொழும்பில் இருந்து கூரியரில் எடுப்பித்தேன், 5ஆம் இலக்கம், ஒரு பல் விட்டு ஒரு பல் வைத்தது, அடியில் சில பற்கள் மட்டும் மேல் நோக்கி இருப்பது. மற்றப் பற்கள் எல்லாம் கீழ்நோக்கியே இருக்கும், அதனால் பலகையின் கீழ்ப்பக்கம் நார் நாராகப் பிய்ந்து நிற்கும். மேல் நோக்கிய அந்த நாலைந்து பல் அதைத் துப்புரவாக்கிவிடும். இந்த பிளேட்டுக்கு 1.2 மில்லிமீற்றர் துளை போதும். எழுத்தின் மூலை ஒன்றில், கோட்டின் மேலேயே போட்டுவிட்டால் பிறகு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

கீழால் விழும், மேலால் ஏறாது

சரியான மரம், சரியான பிளேட். மூன்றாம் கிழமை சனிக்கிழமை பின்னேரம் முதல் 'உ' வெட்டினேன். கோட்டில் இருந்து அரை மில்லிமீற்றர்கூட விலகவில்லை. பலகையைத் தூக்கினேன், 'உ' கீழால் விழுந்தது. திரும்ப மேலால் வைத்து அழுத்தினேன், போகவில்லை. கீழால் விட்டால் சுகமாகப் போகிறது, மேலால் இல்லை. அடிப்பலகை ஒட்டப்போவது கீழே. அப்படியென்றால் இந்த எழுத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. கை நடுங்கியிருக்கிறது என்று நினைத்துத் திரும்ப வெட்டினேன். திரும்பவும் அதே. நாலு 'உ' வெட்டினேன். நாலும் கீழால் விழுந்தன.

நாலும் ஒரே மாதிரிப் பிழைக்கிறது என்றால் அது கை நடுக்கமாக இருக்க முடியாது, நடுக்கம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி அல்லவா இருக்கும். இந்தச் சின்ன விசயம் பிடிபட எனக்கு ஒரு கிழமை எடுத்தது. மருமகனின் கேத்திரகணிதப் பெட்டியில் இருந்து மூலைமட்டத்தை எடுத்து மெசின் மேசையில் பிளேட்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். மேசையில் ஒட்டியிருந்த அளவுகோல் 0 என்று காட்டிக்கொண்டிருக்க, மேசை ஏறக்குறைய 3 பாகை சாய்ந்திருந்தது. 3 பாகை என்ன பெரிய சாய்வா என்று கேட்கலாம். 9 மில்லிமீற்றர் தடிப்பில் அந்தச் சாய்வு கீழே வரும்போது 0.47 மில்லிமீற்றர் விலகல். என் பிளேட் வெட்டும் தடத்தின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது எழுத்தின் அடி, குழியின் வாய் அளவுக்கே அகன்றுவிட்டது, பிறகு எப்படி இறங்கும்?

மூலைமட்டம் இல்லாமலும் பார்க்க ஒரு வழி இருக்கிறது, இப்போது ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்கிறேன். தடித்த கட்டை ஒன்றில் பிளேட்டால் சின்னதாக ஒரு கீறல் வெட்டுவது. மெசினை நிறுத்தி, கட்டையை அப்படியே அரைவட்டம் திருப்பி, பிளேட்டின் பின்பக்கமாக அந்தக் கீறலைக் கொண்டுவருவது. பிளேட் தட்டாமல் கீறலுக்குள் போனால் மேசை நேர். இல்லாவிட்டால் கண்ணுக்கே சாய்வு தெரியும், உள்ளதைப் போல இரண்டு மடங்காக.

மேசையைச் சரியாக்கினேன். 'உ'வின் நேர்க்கோடு மேலாலும் கீழாலும் போனது. வளைவில் வந்து இறுகியது. விளிம்பைத் தடவிப் பார்த்தால் சுவர் நேராக இல்லை, நடுவில் வயிறு வைத்திருந்தது. இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அக்கா. அவர் சின்ன வயதில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு வயலின் படித்தவர். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் பிளேட்டைப் பூட்டி விரலால் தட்டிப் பார்ப்பதைக் கண்டு, "உதென்ன, கொடிக்கயிறு மாதிரித் தொங்குது?" என்று கேட்டார். தட்டினால் 'தொப்' என்றுதான் கேட்டது. ஏற்கனவே நாலு ஒடிந்த பயத்தில் பிளேட்டை நான் தளரவே பூட்டி வந்திருக்கிறேன். தளர்ந்த பிளேட் வளைவில் பின்னுக்கு வளையும், முறுகும், மேலே கோட்டில் நிற்கும், உள்ளே தன் பாட்டில் போகும். ஒடிவதும் கூடத்தான் செய்யும். அக்கா நின்றபடியே "இன்னும், இன்னும்" என்று சொல்லச் சொல்லத் திருகை முறுக்கினேன். தெளிவான ஒரு நாதம், தந்தியைச் சுண்டியது போல, கீச்சென்று மேலே வந்ததும் "ஆ, இப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு வெட்டிய பதின்மூன்று எழுத்துக்கும் ஒடிந்த பிளேட் ஐந்துதான். அதிலும் இரண்டு, நான் கதைத்துக்கொண்டே பக்கவாட்டில் தள்ளியதால்.

கூடவே இன்னொன்று. நேரே தள்ளினால் வெட்டு வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். இதுவும் கையின் குற்றம் இல்லை. பிளேட் செய்யும்போது அதன் ஒரு பக்கத்தில் சின்னப் பிசிர் நின்றுவிடுகிறது, அந்தப் பக்கம் மற்றதைவிடக் கூர். பலகையைக் கொஞ்சம் சரித்துப் பிடித்துத் தள்ளப் பழகிவிட்டால் சரி. சைக்கிளில் எதிர்க்காற்றுக்கு உடம்பைச் சரிப்பது மாதிரி, இரண்டு நாளில் யோசிக்காமலே வரும்.

நானூறு மில்லிமீற்றர்

முதலில் எல்லா எழுத்தையும் ஒரே பலகையில், 450க்கு 300 அளவில் வரைந்திருந்தேன். 'அ' முடிந்தது. 'ஆ'வில் பாதி சுற்றியதும் பலகையின் மூலை பின்தூணில் முட்டி நின்றது. பின்னுக்கும் போக முடியாது, திருப்பவும் முடியாது, பிளேட்டைக் கழற்றித்தான் வெளியே எடுத்தேன். பலகையின் மூலைவிட்டம் 540 மில்லிமீற்றர், இடைவெளியோ 400. வரைய முதல் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். பிறகு நாலு எழுத்துக்கு ஒரு துண்டாக (கடைசித் துண்டில் ஆய்தத்தோடு ஐந்து), 360க்கு 100 அளவில் மூன்று துண்டு வெட்டினேன். மூலைவிட்டம் 374, எந்தப் பக்கமும் சுற்றும். முடிவில் மூன்றையும் ஒரே அடிப்பலகையில் வரிசையாக ஒட்டிவிட்டேன். பார்க்கிறவர்கள் அது வேண்டுமென்று செய்த அழகு என்று நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

வரைந்த தாளை முதல் தடவை மரப்பசையால் நேரே ஒட்டி, பிறகு அதை உரிக்க ஒரு ஞாயிறு போனது. மரத்தில் முதலில் மாஸ்கிங் டேப், அதன் மேல் பசைக்குச்சியால் தாள், தாளின் மேல் பெட்டி ஒட்டும் கண்ணாடி டேப். வேலை முடிய எல்லாம் ஒரே இழுவையில் உரிந்து வரும். மேலே உள்ள டேப்பால் கருகலும் நன்றாகக் குறைந்தது. வேகம் நிமிடத்துக்கு 800 தடவைக்குக் கிட்ட.

எழுத்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைவு கஷ்டம், நேர்க்கோடு இலகு என்று நினைத்து 'ஐ'யைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நேர் எதிர். ஸ்க்ரோல் சோவில் வளைவு மன்னிக்கும். அரை மில்லிமீற்றர் விலகினாலும் வளைவு வளைவுதான். 'அ'வின் வலப்பக்கத்து நிமிர்ந்த கோட்டில் அதே அரை மில்லிமீற்றர் பல்லுத் தெறித்தது போலத் தெரியும். பனையோலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் நம் எழுத்து உருண்டது என்று சொல்வார்கள். என் மெசினுக்கும் ஓலையின் குணம்தான். 'ஐ' ஒரே மூச்சில் வந்தது, 'எ'யின் நேர்க்கோட்டுக்கு மூன்று பலகை போனது. 'அ', 'எ' இவற்றின் சுழிக் கண்ணை வெட்டவே இல்லை, 6 மில்லிமீற்றர் துளைகருவியால் ஒரு துளை, அவ்வளவுதான். எழுத்தைச் சுற்றி வெட்டமுதல் கண்ணைத் துளைத்துவிட வேண்டும், பிறகு பிடிக்க இடமிருக்காது.

'ஈ'யின் இரண்டு புள்ளியையும் தனித்தனியாக வெட்டித்தான் இருந்தேன். அக்கா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு ஒரு சோதனை உண்டு. 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் ஆகாது. பிள்ளைக்கு மூன்று முடிந்து மாதக்கணக்குத்தான், எழுத்தைச் சப்பாமல் விடமாட்டாள். என் புள்ளி 10 மில்லிமீற்றர். எனவே 'ஈ'யின் புள்ளிகளைக் குழிப் பலகையிலேயே நிறத்தால் வைத்தேன். ஆய்தத்தை ஒரே முக்கோணக் கட்டையாக வெட்டி, மூன்று புள்ளியையும் அதன் மேல் தீட்டினேன். 'ஔ' பெரிய வாக்குவாதம். 'ஒ'வும் 'ள'வும் இரண்டு துண்டாக இருந்தால் பிள்ளை 'ள'வைத் தனி உயிரெழுத்து என்று நினைக்கும், ஆகவே நடுவில் 8 மில்லிமீற்றர் பாலம் ஒன்று விட்டு இரண்டையும் பிணைத்தேன். எழுத்திலக்கணப்படி பாலம் கிடையாது. அம்மாவுக்கு இன்னும் அது பிடிக்கவில்லை.

நிறம் பூசும்போது விளிம்புகளைத் தொடாதீர்கள். முதல் நாலு எழுத்துக்கு முழுதாகப் பூசி, இரண்டு பூச்சு காய்ந்தபின் வைத்தால் ஒன்றும் இறங்கவில்லை. இருந்த இடைவெளி முழுவதையும் நிறமே தின்றுவிட்டது. சாண்ட் பேப்பரால் விளிம்பை உரசி எடுத்தேன். மற்றவற்றுக்கு மேல்முகம் மட்டும், விளிம்புக்குத் தேன்மெழுகு.

விஜயதசமி அன்று காலை தட்டில் அரிசி பரப்பி, ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்க, பலகை பக்கத்தில் இருந்தது. பிள்ளை அழுது முடித்தபின் முதலில் எடுத்தது ஆய்தத்தை, அதைக் காராக ஓட்டினாள். இப்போது ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. ஈரத்துக்கு பிளைவூட் கொஞ்சம் ஊதியிருக்கிறது, 'ஊ'வும் 'ஔ'வும் குழிக்குள் போனால் வெளியே வருவதில்லை, அக்கா கரண்டிக் காம்பால் நெம்புகிறாராம். வருகிற சனிக்கிழமை பலகையைத் திரும்ப எடுத்துவந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் நேரே அடிப்பலகையில் விரல் போகிற மாதிரி 15 மில்லிமீற்றர் துளை போடப்போகிறேன், பின்னால் இருந்து தள்ளிவிடலாம். துளைகருவிக்கு அந்த அளவு பிட் ஓடாவியாரிடம் இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன்.